பீட்டர் கடையும் பிளாஸ்டிக் பம்பரும்

1

இந்த ஊரில் கார் ஓட்ட வேண்டுமென்றால் காருக்கு வாரன்ட் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒருவர் பேருக்கு வாரன்ட் வந்தால் அவர் மாமியார் வீட்டுக்குப் போகத் துணிமணியை எடுத்து வைக்க வேண்டியதுதான். நியூசிலாந்தில் எல்லாம் தலைகீழ். வாரன்ட் இல்லையென்றால்தான் போலீஸ் பிடிக்கும். நம்ம ஊர் எஃப்.சி.யைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

நான் முதல் கார் வாங்கிய வாரத்தில், ரொட்டி ஆலையில் கூட வேலை செய்பவர் ஒருவர், “வண்டிக்கு வாரன்ட் இருக்கிறதா?” என்று கேட்டார். பதறிப்போய், “நோ வாரன்ட், நோ கேஸ், வெரி குட் கார்” என்றேன். அவர் அந்த வாரம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். எனக்கு விஷயம் விளங்கிய பிறகு நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

இந்த மாதத்தோடு நாங்கள் ஆக்லாந்துக்கு வந்து ஏழு வருஷம். அதைக் கொண்டாட என் மகள் தேன்மொழி ஒரு காரியம் செய்தாள். காரைப் பின்னால் எடுக்கும்போது வீட்டு வாசலில் தபால் பெட்டி நட்டிருந்த கட்டையில் இடித்துவிட்டாள். கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கத்துப் பிளாஸ்டிக் பம்பர் கீழிருந்து மேலாக ஒரு சாண் நீளம் கிழிந்து, அடி விளிம்பில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது.

மறுநாள் வாரன்ட்டுக்குக் காட்டுகிற நாள். சோதனை செய்தவர் மிகவும் மரியாதையானவர். உடைந்த விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நடந்து போகிறவர் காலைக் கிழித்துவிடும், சரிசெய்து கொண்டுவாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அங்கே பம்பர் என்ற ஒன்று வண்டியோடு சேர்ந்து வந்தாலே திருஷ்டி சுற்றிப் போடுவோம். ஆனால் அதை இவரிடம் சொல்லி என்ன பயன்?

அன்று வியாழக்கிழமை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தேன்மொழிக்கு டிரைவிங் டெஸ்ட். டெஸ்டுக்கு வருகிற காருக்கு வாரன்ட் இருந்தாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும். “மை ஃபால்ட்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

2

கடையில் கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். போய்க் கேட்டேன். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்தக் கடையின் பலகையைப் பார்த்ததும் எனக்குப் பழைய வெட்கம் ஒன்று கிளம்பியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டையில் நானும் என் கூட்டாளி ஜாஃபரும் பன்னிரண்டு வருஷம் ஒரு ஷெட் நடத்தினோம். நான் டிங்கரிங், அவன் பெயின்டிங். காசிமேட்டு மீன் வேன்கள்தான் எங்களை வாழவைத்தவை. ஐஸ் உருகி ஓடுகிற உப்புத் தண்ணீர் வேனின் தரைத் தகட்டைத் தின்றுவிடும். வருஷத்துக்கு ஒருமுறை தரை மாற்ற வருவார்கள். வேனுக்குள் தலையை விட்டால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படி அடித்து நிமிர்த்திய தகடு கொஞ்சமல்ல. பிறகு என் மனைவி கஸ்தூரிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஒன்பது வயதுத் தேன்மொழியும் வந்தோம்.

வந்த புதிதில், வேலை தேடித் தருகிற ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘டிங்கரிங், பன்னிரண்டு வருஷம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அங்கிருந்த அம்மாள் படித்துவிட்டு, “எதையெல்லாம் டிங்கர் செய்வீர்கள்?” என்று கேட்டார். “அம்பாசடர், ஃபியட், டெம்போ, மீன் வேன்” என்றேன் பெருமையாக. அவர் “ஹவ் நைஸ்” என்று சொல்லி, பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டார். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு, வேலைவெட்டி இல்லாதவர் எதையாவது கழற்றுவதும் மாட்டுவதுமாகப் பொழுது போக்குவது என்று பொருளாம். பன்னிரண்டு வருஷமாகச் சும்மா நோண்டிக்கொண்டிருந்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நானாகவும் தேடினேன். டெலிபோன் புத்தகத்தில் ஒரு டிங்கரிங் கடை இல்லை. ஆனால் எந்தத் தெருவுக்குப் போனாலும் ‘பேனல் பீட்டர்ஸ்’ என்று பலகை. ராயபுரத்தில் கல்லெறிந்தால் ஒரு பீட்டர் மேல் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, யாரோ பீட்டர் என்ற முதலாளி பேனல் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறக்கிறான், ஊரெங்கும் கிளை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பலகையில் எழுத்து வேறாகத்தான் இருந்தது. இங்கிலீஷில் எழுத்துக்கும் வாய்க்கும் சம்பந்தம் கிடையாது என்று முன்பே முடிவுகட்டியிருந்ததால் சந்தேகம் வரவில்லை. தமிழில் நமக்கு இருப்பதும் ஒரே ‘ப’தானே. “இந்த பீட்டர் நல்லா முன்னுக்கு வந்துட்டான்” என்று கஸ்தூரியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்துத்தான் விளங்கியது. பீட் என்றால் அடிப்பது. கார்த் தகட்டை அடித்து நிமிர்த்துகிறவன் பேனல் பீட்டர். அதாவது நான்தான் அந்த பீட்டர். அதற்குள் ரொட்டி ஆலையில் சேர்ந்துவிட்டேன். விடியற்காலை ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வீடு, நல்ல மனிதர்கள், கையில் மீன் நாற்றம் கிடையாது. இருந்துவிட்டேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை.

3

ஆக, பம்பரை நானே பார்ப்பது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை அதைக் கழற்றிக் கேரேஜில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கிடத்தினேன். பழக்கப்பட்ட கை சும்மா இருக்குமா? கிழிசலைச் சேர்த்துவைத்து, உள்பக்கம் ஒரு துணிப்பட்டை ஒட்டி, மேலே பட்டி பார்த்து, காய்ந்ததும் தேய்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, எங்கள் தொழிலே அதுதான். சாயங்காலம் தடவிப் பார்த்தபோது கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. ஏழு வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை என்று எனக்கு நானே தோளைத் தட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கினேன். பம்பர் லேசாக வளைந்தது. ‘மொறுக்’ என்று ஒரு சத்தம். பட்டி முழுசும் அப்பளம் மாதிரி உடைந்து என் காலடியில் விழுந்தது.

ஜாஃபரைக் கூப்பிட்டேன். இங்கே சாயங்காலம் என்றால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

“இன்னா மாமு, கார்டு போட்டுக் கூப்புட்ற? ஊட்ல எல்லாரும் சொகந்தானே?”

விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பில் போன் கார்டின் நிமிஷங்கள் கரைந்தன.

“தோடா! தகரத்துக்குப் போட்ற பட்டிய பிளாஸ்டிக்குல போட்டுகினு ஒக்காந்துகீறியா? தகரம் அட்ச்ச எடத்துல குந்திகினு கெடக்கும் மாமு. பிளாஸ்டிக்கு அப்டியா? வளையும், திரும்பி வரும். பட்டி இன்னா பண்ணும் பாவம், ஒடஞ்சிதான் போவும்.”

“உனக்கெப்படிடா தெரியும்?”

“இப்ப இங்க வர்ற வண்டி பூரா பிளாஸ்டிக் பம்பர்தான். நானே மூணு பம்பர கலீஜ் பண்ணித்தான் கத்துகினேன். மொதல்ல கிழிஞ்சத உருக்கி ஒட்டு. அப்பால பிளாஸ்டிக் பிரைமரு. அதுக்கு மேல வளையுற பட்டின்னு தனியா கீது, அத நைசா இழு. பட்டி மேல பாரத்தப் போடாத. இன்னா, வெளங்குச்சா?”

விளங்கியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் இன்னொன்றையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். பட்டி உடைந்து விழுந்த அந்த நிமிஷம், நல்லதாகப் போயிற்று என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. டெஸ்ட் இரண்டு மாதம் தள்ளிப் போகட்டுமே, யார் என்னைக் குறை சொல்லப் போகிறார்கள்?

4

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த டெஸ்டில் தேறும் வரைக்கும் தேன்மொழி தனியாகக் கார் ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். ஏழு மாதமாக அந்தப் பெரியவர் நான்.

அவளுக்குத் தெரிந்த தமிழ் எங்கள் வாய்த் தமிழ். வேறு யாரிடம் கற்றாள்? பத்து வயதில், சனிக்கிழமை தமிழ் வகுப்பில் சேர்த்தோம். முதல் மாதத்திலேயே ஒருநாள், “என் பென்சில் வூட்ல கீது” என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. ஆசிரியை நல்லவர்தான், “அப்படிப் பேசக் கூடாதும்மா, அது கொச்சை” என்று அன்பாகத் திருத்தியிருக்கிறார். அன்றோடு வகுப்பும் போயிற்று, தமிழும் போயிற்று. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பள்ளியில் அவளை டெனி என்கிறார்கள். வீட்டுக்குப் போன் செய்து டெனி இருக்கிறாளா என்று கேட்கும் பிள்ளைகளிடம், அப்படி யாரும் இல்லை என்று நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு என்ன மாயமோ, கண் ரோட்டில் இருக்கும்போது வாய் தானாகத் தமிழுக்குப் போய்விடுகிறது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ. “இன்னாப்பா இந்தாளு, இன்டிகேட்டர் போடாம திரும்பிகினு போறான்” என்பாள். பள்ளிக்கூடம், சண்டை போட்ட தோழி, டாக்டருக்குப் படிக்கவே பிடிக்கவில்லை என்பது எல்லாம் அந்த சீட்டில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது. நான் சாலையைப் பார்த்தபடி “ம்” கொட்டுவேன். வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்தினால் மறுபடியும் இங்கிலீஷ்.

டெஸ்டில் தேறிவிட்டால் எனக்கு அந்த சீட் இல்லை. இதை நான் கஸ்தூரியிடம்கூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை முழுக்க பம்பர் பக்கம் போகாமல் இருந்தேன். தோட்டத்தில் களை பிடுங்கினேன்.

5

செவ்வாய்க்கிழமை கஸ்தூரிக்கு விடுமுறை. நான் வேலை முடிந்து வந்தபோது அவள் கேரேஜில் பம்பரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கொயந்த ராத்திரிலாம் பொரண்டுகினே கீது. நீ இன்னாய்யா புல்லு புடுங்கிகினு கீற?”

“உருக்கி ஒட்டணும்ங்கிறான் ஜாஃபர். அதுக்கு வேற மெஷின் வேணும் போல.”

“மெஷினா? கொடம் ஒட்ற வேலைக்கு இம்மாம் பேஜாரா? நவுரு.”

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் லாரி வருகிற தெருவில் ஒரு பிளாஸ்டிக் குடம் என்பது ஒரு ஆள். வரிசையில் நமக்காக நிற்பது அதுதான். அது விரிசல் விட்டுவிட்டால் குடும்பத்துக்கு ஒரு கை குறைந்த மாதிரி. குடம் ஒட்டுகிறவர் எப்போது தெருவுக்கு வருவாரோ என்று காத்திருக்க முடியாமல், கஸ்தூரியின் ஹவுசிங் போர்டு வீட்டில் அவளே கத்தியை ஸ்டவ்வில் காய்ச்சி ஒட்டிவிடுவாளாம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இதை அன்றுதான் எனக்குச் சொல்கிறாள்.

“கொடத்துக்குக் கொடத்துத் துண்டு. பக்கெட்டுக்கு பக்கெட்டுத் துண்டு. மாத்திப் போட்டா ஒட்டாது. இந்தச் சாமானுக்கு இதே துண்டு வேணும்.”

அங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. அடி விளிம்பில் காணாமல் போன துண்டைப் புதிதாகச் செய்து சேர்ப்பது பெரிய வேலை. அதைவிட, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விளிம்பையே இரண்டு விரல் அகலத்துக்குச் சமமாக வெட்டி எடுத்துவிட்டால் என்ன? அந்த விளிம்பு மேடு பள்ளத்தில் எப்போதும் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வந்தது. கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்தேன். பம்பர் கொஞ்சம் தூக்கலாக, முன்பைவிட எடுப்பாகவே தெரிந்தது. வெட்டிய விளிம்பை நூல் நூலாகச் சீவினேன். ஒட்டுவதற்கு அதே பிளாஸ்டிக் கையில் கிடைத்துவிட்டது.

கிழிசலின் இரண்டு பக்கமும் சரிவாகச் செதுக்கிக் கொடுத்தேன். கேரேஜ் கதவைத் திறந்துவைத்து, பழைய கத்தியைக் காய்ச்சி, அவள் நூலை வைத்து உருக்கி உருக்கி இழுத்தாள். உள்பக்கம் ஒருமுறை, வெளிப்பக்கம் ஒருமுறை. ஆறிய பிறகு நான் பம்பரை வளைத்தேன். அது வளைந்தது, திரும்பி வந்தது, ஒட்டு அப்படியே இருந்தது. “இன்னா பீட்டரு, நிக்குதா?” என்றாள். ஐந்து மாதம் நான் நம்பிய பீட்டரை அவள் ஏழு வருஷமாக விடவில்லை.

6

புதன்கிழமை தேய்க்கிற நாள். தகரத்தைத் தேய்ப்பது போல வேகமாகத் தேய்த்தால் பிளாஸ்டிக் சூடாகி மயிர் விடுகிறது. எலி வால் மாதிரி இழை இழையாகக் கிளம்பும். நிதானமாக, நைசு வாட்டர் பேப்பரில், தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் பிரைமர், அதன் மேல் ஜாஃபர் சொன்ன வளைகிற பட்டி, கடையில் கேட்டு வாங்கியது. இது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே விற்பனைக்கு வந்த பழைய கார்; அங்கே நம்பர் பலகை மாட்டிய இரண்டு ஓட்டைகளையும் முந்தின நாளே உருக்கி மூடியிருந்தோம். காருக்கு நிறம் கருநீலம். வெள்ளை பல குற்றங்களை மன்னித்துவிடும். கருநீலம் ஒன்றையும் மன்னிக்காது. ஒரு நூல் பள்ளம் இருந்தாலும் வெளிச்சத்தில் நெளியும்.

தடவித் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. ஏழு வருஷமாகச் சூடான ரொட்டித் தட்டு பிடித்த கை, தோல் தடித்துப் போயிருக்கிறது. தேன்மொழி பள்ளியிலிருந்து வந்து வாசலிலேயே நின்றாள். ஆறு நாளாக அவள் கேரேஜுக்குள் வரவே இல்லை.

“கண்ண மூடிகினு இதத் தடவிப் பாரு” என்றேன்.

“வொய் மீ?”

“உன் கை மெத்துன்னு கீது. என் கை மரத்துப் போச்சு.”

பையை இறக்கிவிட்டு வந்தாள். கண்ணை மூடி, இடமிருந்து வலமாக உள்ளங்கையை மெதுவாக ஓட்டினாள். ஒட்டுப் போட்ட இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றது. பின்னால் போயிற்று, மறுபடியும் அங்கேயே வந்து நின்றது.

“இங்க ஒரு பள்ளம் கீதுப்பா.”

கேரேஜ் தரையில் நின்றுகொண்டு, என்ஜின் ஓடாமல், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். நான் அங்கே தடவினேன். எனக்குத் தெரியவில்லை. கறுப்புப் பெயின்டை லேசாகத் தூவித் தேய்த்தேன். சுற்றிலும் கறுப்பு போய்விட்டது, அவள் சொன்ன இடத்தில் மட்டும் எட்டணா அளவுக்கு நின்றது. பள்ளம்தான்.

“யப்பா, இது தெரியாமயா நீ டிங்கரிங் பண்ண?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பள்ளத்துக்கு அவளையே பட்டி இழுக்கச் சொன்னேன். நன்றாகவே இழுத்தாள். இருட்டும் வரை இருவரும் தேய்த்தோம். டெஸ்டைத் தள்ளிப்போடுகிற எண்ணம் எப்போது என்னை விட்டுப் போயிற்று என்று தெரியவில்லை. அந்த பம்பர் கண்ணாடி மாதிரி வர வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

7

வியாழக்கிழமை பெயின்ட். வெள்ளிக்கிழமை ஆலைக்கு லீவு போட்டேன். காலை எட்டரைக்கு அதே மரியாதைக்காரர் காரைச் சுற்றி வந்தார். குனிந்தார், விரலால் விளிம்பைத் தடவினார், சீட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றையுமே கவனிக்கவில்லை. எங்கள் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பதினொரு மணிக்கு டெஸ்ட். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தேறிவிட்டாள் என்று தெரிந்துவிட்டது.

வீடு வரை அவள்தான் ஓட்டினாள், நான் பக்கத்தில். வழியெல்லாம் பேசினாள். டெஸ்ட் எடுத்தவர் எங்கே திருப்பச் சொன்னார், எந்த இடத்தில் கை வியர்த்தது, எல்லாம். நான் வழக்கம்போல “ம்” கொட்டினேன். வீட்டு வாசலில் நான் இறங்கினேன். அவள் இறங்கவில்லை.

“தோழி வூடு வரிக்கும் போய்ட்டு வந்துர்றேன்ப்பா. நான் மட்டும்.”

“போய்ட்டு வா” என்றேன். பின் கண்ணாடியில் இருந்த மஞ்சள் ‘எல்’ பலகையை நானே கழற்றிக்கொண்டேன். தபால் பெட்டிக் கட்டையைத் தாண்டும் வரை அவள் மூன்று முறை திரும்பிப் பார்த்தாள், சரியாகப் பின்னால் எடுத்தாள்.

கார் தெருவில் போயிற்று. பக்கத்து சீட் காலி. வளைவில் பிரேக் விளக்கு எரிந்தது, இன்டிகேட்டர் போட்டாள். பன்னிரண்டு மணி வெயில் அந்தக் கருநீலத்தின் மேல் ஒரு நெளிவும் இல்லாமல் ஒரே சீராக ஓடியது. எந்த இடத்தில் கிழிந்திருந்தது என்று தேடினேன். எனக்கே தெரியவில்லை.